உலகப் பார்வையுள்ள எம்.பி.ஏ.: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருப்பவர்கள் எப்படித் தெரிவு செய்வது?

கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ சில வருடம் வேலை பார்த்த ஒரு பட்டதாரியிடம் அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலரும் சொல்கிற பதில் எம்.பி.ஏ. எங்கே என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறும். லண்டனில் மாமா இருக்கிறார், அங்கே போகலாம் என்பார் ஒருவர். கொழும்பில் ஒரு நிறுவனம் இங்கிலாந்துப் பட்டம் தருகிறது, சனி ஞாயிறு போய்வரலாம் என்பார் இன்னொருவர். மலேசியா, துபாய், ஒஸ்ரேலியா என்று கைபேசியில் விளம்பரங்கள் வந்துகொண்டே இருக்கும். எல்லா விளம்பரத்திலும் 'குளோபல்' என்ற சொல் தவறாமல் இருக்கும்.

எம்.பி.ஏ. நடத்துகிற பல்கலைக்கழகப் பிரிவையோ நிறுவகத்தையோ வணிகப் பள்ளி என்பார்கள். அப்படி ஒரு பள்ளி உண்மையிலேயே உலகளாவியதா, அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை எப்படிப் பார்ப்பது? இதைப் பற்றி எதுவும் தெரியாமல் தொடங்குகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். பல குடும்பங்கள் இதற்காகக் காணி உறுதியை வங்கியில் வைக்கின்றன. அப்படியிருக்க, விளம்பரத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கவே கூடாது.

எம்.பி.ஏ. யாருக்கு?

எம்.பி.ஏ. என்பது வணிக நிர்வாகத்தில் ஒரு முதுமாணிப் பட்டம். 1908இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முதல் பட்டம் எதில் பெற்றவரும் சேரலாம் என்பது இதன் சிறப்பு. விவசாயம் படித்தவர், பொறியியல் படித்தவர், மருத்துவர் என்று எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், உற்பத்தியும் விநியோகமும், நிறுவனத்தின் நீண்டகாலத் திட்டமிடல் ஆகியவற்றைக் கற்பார்கள். ஒரு துறையில் ஆழமாகப் போவதைவிட, ஒரு நிறுவனத்தை முழுதாகப் பார்க்கப் பழக்குவதுதான் இதன் நோக்கம்.

இதில் ஒரு நிபந்தனையை நம் பக்கத்தில் பலர் கவனிப்பதில்லை. நல்ல எம்.பி.ஏ. வேலை அனுபவம் உள்ளவர்களுக்கானது. எம்.பி.ஏ. பாடநெறிகளுக்குத் தரச்சான்று தரும் அம்பா என்ற லண்டன் அமைப்பு, மாணவருக்குக் குறைந்தது 3 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும் என்கிறது. பெயர்பெற்ற பள்ளிகளின் வகுப்பில் சராசரி அனுபவம் 5 ஆண்டு அளவில் இருக்கும். காரணம் எளிது. அந்த வகுப்பில் பாதிப் பாடம் பக்கத்தில் இருப்பவரின் அனுபவத்திலிருந்துதான் வருகிறது. சொல்ல அனுபவமே இல்லாத 60 பேர் ஒன்றாக உட்கார்ந்தால் அங்கே புத்தகம் மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ இப்போதுதான் பட்டம் முடித்து வெளியே வந்தவருக்கு என் கருத்து இது: உடனே எம்.பி.ஏ.க்கு ஓடாதீர்கள். அனுபவம் இல்லாதவர்களையும் எம்.பி.ஏ.யில் சேர்த்துக்கொள்கிற பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் அப்படிச் சேர்ப்பதே அந்த வகுப்பின் தரம் பற்றி ஏதோ சொல்கிறது. உடனே மேலே படித்தே ஆக வேண்டுமென்றால் முகாமைத்துவத்தில் எம்.எஸ்சி. பாடநெறிகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் இவை மிகப் பிரபலம், முதல் பட்டம் முடித்த கையோடு வருகிறவர்களுக்காகவே அமைக்கப்பட்டவை, செலவும் பெரும்பாலும் குறைவு. வணிக நிர்வாகத்தையே முதல் பட்டமாகப் படித்தவர்கள் இன்னும் ஒன்றை யோசிக்க வேண்டும். எம்.பி.ஏ.யின் முதல் பாதி நீங்கள் ஏற்கெனவே படித்த பாடங்களாகவே இருக்கும். நிதி, விநியோகச் சங்கிலி, தரவுப் பகுப்பாய்வு என்று ஒன்றில் ஆழமாகப் போகிற முதுமாணிப் பட்டம் உங்களுக்கு அதிகம் உதவலாம்.

அனுபவம் என்றதும் பெரிய கம்பனிப் பதவி என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம். நம் ஊர்களில் முகாமைத்துவ அனுபவம் நிறையவே இருக்கிறது, அதை அந்தப் பெயரில் சொல்லிப் பழகவில்லை, அவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களில் திட்ட உத்தியோகத்தராக இருந்து, வரவுசெலவு பார்த்து, கொடையாளருக்கு அறிக்கை எழுதியவர்கள் எத்தனை பேர்! நுண்கடன் நிறுவனத்தில் கிராமம் கிராமமாகப் போய்க் கடன் கொடுத்து அறவிட்டவருக்கு மனிதர்களையும் காசையும் பற்றி நன்றாகவே தெரியும். அம்பாறையில் அப்பாவின் அரிசி ஆலையை நடத்துகிற மகன், மருதமுனையில் கைத்தறி நெசவாளர்களிடம் வேலை வாங்கிக் கொழும்புக் கடைகளுக்கு அனுப்புகிற மகள், காத்தான்குடியில் இந்தியாவிலிருந்து துணி இறக்குகிற கடையின் கணக்கைப் பார்க்கிறவர், பாசிக்குடா ஹோட்டலில் முன்பதிவுப் பிரிவை நடத்துகிறவர், இவர்கள் எல்லோரும் தங்கள் வேலையை எண்களோடு எழுதினால் எந்தத் தேர்வுக்குழுவும் நின்று படிக்கும். எத்தனை பேரை நிர்வகித்தீர்கள், எவ்வளவு காசு உங்கள் கையால் போய்வந்தது, நீங்கள் வந்த பிறகு என்ன மாறியது என்பவைதான் அந்த எண்கள்.

உலகளாவிய பள்ளி என்றால் எதைப் பார்ப்பது?

பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். முதலில் வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒரு பள்ளி தன் கையேட்டில் '14 நாட்டு மாணவர்கள்' என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வகுப்பில் 60 பேர். அதில் 45 பேர் ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள், மிச்சம் 15 பேர் 13 நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றால் கையேடு பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் போய் உட்காரும் வகுப்பு, நடைமுறையில் ஒரு நாட்டு வகுப்புத்தான். குழு வேலையிலும் மதியச் சாப்பாட்டிலும் அந்த 45 பேரின் பேச்சுத்தான் நடக்கும். ஆகவே எத்தனை நாடு என்று கேட்பதோடு நிற்காமல், எந்த நாட்டவர் அதிகம், அவர்கள் வகுப்பில் எவ்வளவு பங்கு என்று கேளுங்கள். நல்ல பள்ளிகள் 'வகுப்பு விபரம்' என்ற பெயரில் இதை வெளியிடுகின்றன. வெளியிடாத பள்ளிக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணம் இன்சியாட். 1957இல் பிரான்ஸில், பரிஸுக்குத் தெற்கே ஃபொன்தன்புளோவில் தொடங்கிய பள்ளி. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் வளாகம் திறந்தது. அங்கே எம்.பி.ஏ. 10 மாதம். மாணவர்கள் இரண்டு வளாகத்துக்கும் இடையே மாறிப் படிக்கலாம். எந்த ஒரு நாட்டவரும் வகுப்பை நிரப்பிவிடாதபடி பார்த்துக்கொள்வதில் பெயர்பெற்றது. பட்டம் பெறும்போது மூன்று மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியை நீண்ட காலம் வைத்திருந்த பள்ளியும் இதுதான். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் பேசுகிற ஒருவர் அம்பாறைக் கச்சேரியில் அதைப் பெரிய விடயமாக நினைக்கமாட்டார். இப்படிப்பட்ட வகுப்பில் அது கண்ணுக்குத் தெரிகிற ஒரு தகுதி. விண்ணப்பத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

இன்னொன்று அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள தண்டர்பேர்ட். இரண்டாம் உலகப் போரில் விமானிகளைப் பயிற்றுவித்த ஒரு விமானத்தளத்தில் 1946இல் தொடங்கினார்கள். சர்வதேச வணிகத்துக்கு மட்டுமே என்று அமைந்த பள்ளி, இப்போது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது. வணிகம் புழங்குகிற எல்லைகளில் படைவீரர்களுக்குத் தேவை அரிதாகவே வரும் என்பது அந்தப் பள்ளி தொடக்கத்திலிருந்து சொல்லிவரும் வாசகம். போர் முடிந்த கையோடு அப்படி ஒரு பள்ளியைக் கட்ட நினைத்தார்கள் என்பது மட்டக்களப்பில் இருந்து படிக்கும்போது எனக்கு மனதைத் தொடுகிறது.

ஆசியாவிலேயே படிக்க விரும்புகிறவர்களுக்குச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம், 1994இல் ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் சேர்ந்து ஷங்காயில் அமைத்த சீபிஸ், பாங்கொக் அருகே பல ஆசிய நாட்டு மாணவர்கள் ஒன்றாகப் படிக்கும் ஏ.ஐ.டி. என்ற ஆசியத் தொழில்நுட்ப நிறுவகம் ஆகியவை இருக்கின்றன. இந்திய முகாமைத்துவ நிறுவகங்களில் அகமதாபாத்தும் கல்கத்தாவும் 1961இல் தொடங்கியவை, பெங்களூர் 1973இல் வந்தது. கல்வித் தரத்தில் இவற்றைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் வழக்கமான இரண்டு வருடப் பாடநெறியில் வகுப்பு ஏறக்குறைய முழுவதும் இந்திய மாணவர்களாகவே இருக்கும். இந்தியாவோடு வியாபாரம் செய்யப் போகிறீர்கள் என்றால் அது பெரிய பலம். பல நாட்டவரோடு பழக வேண்டும் என்பதே நோக்கமென்றால் வேறு இடம் பாருங்கள். இப்படித்தான் ஒவ்வொன்றையும் எடை போட வேண்டும்: இந்தப் பள்ளி நல்லதா என்பதோடு, நான் போக நினைக்கிற சந்தைக்கு இது நல்லதா என்றும் கேட்க வேண்டும். வாழைச்சேனையிலிருந்து நண்டும் இறாலும் அனுப்ப நினைக்கிறவருக்குச் சிங்கப்பூரில் படித்த சிநேகிதர்கள் பயன்படுவதுபோல அமெரிக்க மத்திய மாநிலம் ஒன்றில் படித்த சிநேகிதர்கள் பயன்படமாட்டார்கள்.

பரிமாற்றத் திட்டம் என்று ஒன்றைப் பெரிதாகப் போடுவார்கள். ஒரு வாரம் துபாய்க்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டடங்களைக் காட்டிவிட்டு வருவதும் அந்தப் பெயரில்தான் வரும், ஒரு பருவம் முழுவதும் இன்னொரு நாட்டுப் பள்ளியில் படித்துப் புள்ளி பெறுவதும் அந்தப் பெயரில்தான் வரும். இரண்டாவதுதான் கணக்கில் சேரும்.

வகுப்பு எப்படி நடக்கும்?

இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் படித்த பழக்கத்துக்கு இது மிகவும் வேறுபட்டது, போனபிறகு அதிர்ச்சியடைகிறவர்கள் அதிகம்.

பல முன்னணிப் பள்ளிகளில் பாடம் 'கேஸ்' முறையில் நடக்கும். முதல் நாள் இரவு உங்களுக்கு 15, 20 பக்கத்தில் ஓர் உண்மையான நிறுவனத்தின் கதை வரும். ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் ஒரு பெரிய கொள்வனவாளர் விலையைக் குறைக்கச் சொல்கிறார். குளிரூட்டி அறை பழையது, புதிதாகக் கட்ட வங்கிக் கடன் வேண்டும். மீனவர் சங்கம் முற்பணம் கேட்கிறது. கடைசிப் பக்கங்களில் மூன்று வருடக் கணக்கு இருக்கும். முகாமையாளர் திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். கதை அங்கேயே நின்றுவிடும், விடை எதுவும் இருக்காது.

மறுநாள் காலை விரிவுரையாளர் வகுப்புக்குள் வந்து, உங்கள் மேசையில் உள்ள பெயர் அட்டையைப் பார்த்து உங்களையே கேட்பார்: நீங்கள் அந்த முகாமையாளராக இருந்தால் என்ன செய்வீர்கள்? நீங்கள் கடன் எடுத்துக் கட்டுவேன் என்றால், நைஜீரியாவில் வங்கியில் இருந்த ஒருவர் வட்டிக் கணக்கைக் காட்டி மறுப்பார். பேரு நாட்டில் மீன் தொழிற்சாலை பார்த்த பெண் ஒருவர், கொள்வனவாளரை மாற்றுவதுதான் வழி என்பார். வாழைச்சேனைத் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் எப்படி நடக்கும், மழைக்காலத்தில் கடலுக்குப் போகமுடியாத மாதங்களில் மீனவர் கையில் காசு எப்படி வற்றும், அந்த நேரத்தில் முற்பணம் கொடுத்தவருக்குத்தான் அடுத்த பருவத்தில் மீன் கிடைக்கும் என்பது வகுப்பில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னால் வகுப்பு முழுவதும் உங்கள் பக்கம் திரும்பும். சொல்லாமல் குறிப்பெடுத்துக்கொண்டு இருந்தால் அந்தப் புள்ளி போய்விடும். சில பள்ளிகளில் வகுப்பில் பேசுவதற்கே மொத்தப் புள்ளியில் பாதிவரை தருவார்கள்.

ஆகவே ஒரு பள்ளியைத் தெரிவு செய்யும்போது பாடம் எந்த முறையில் நடக்கிறது, புள்ளி எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். கேஸ் முறை வேண்டாம் என்று சொல்லவில்லை, வெட்கத்தை விட்டுப் பேசப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் போவதற்கு முன்பே ஆங்கிலத்தில் பேசிப் பழகிக்கொண்டு போங்கள். எழுத்து ஆங்கிலம் நன்றாக வந்தும், பேச வாய் வராமல் முதல் பருவம் முழுவதையும் இழந்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். நான்கு நண்பர்கள் வாரம் ஒரு மாலை கூடி, ஒரு செய்தியை எடுத்து ஆங்கிலத்திலேயே வாதாடிப் பாருங்கள். அதற்குக் காசு எதுவும் தேவையில்லை.

பட்டத்தை யார் ஏற்றுக்கொள்வார்கள்?

இதில் இரண்டு வெவ்வேறு விடயங்கள் கலந்துபோகின்றன. ஒன்று, வணிகப் பள்ளியின் தரத்துக்கான சர்வதேசச் சான்று. மற்றது, அந்தப் பட்டத்தை இலங்கையில் பட்டமாக ஏற்பது.

சர்வதேசச் சான்றுகளில் மூன்று முக்கியம். 1916இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ.சி.எஸ்.பி., ஐரோப்பாவின் ஈக்விஸ், மேலே சொன்ன அம்பா. மூன்றும் சேர்ந்து கிடைத்த பள்ளிகளை 'மும்முடி' பெற்றவை என்பார்கள், உலகில் உள்ள வணிகப் பள்ளிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றுதான் அப்படி. கல்கத்தா முகாமைத்துவ நிறுவகம் அந்த வரிசையில் இருக்கிறது. மூன்றும் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லாமல், நீங்கள் கேள்விப்படாத ஏதோ ஓர் 'உலகத் தர அமைப்பின்' முத்திரையை மட்டும் போட்டிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். சரிபார்ப்பதும் கடினமில்லை. பள்ளி சொல்வதை விட்டுவிட்டு, சான்று தரும் அமைப்பின் சொந்த இணையத்தளத்தில் அந்தப் பள்ளியின் பெயரைத் தேடுங்கள்.

இலங்கையில் ஏற்பது வேறு கதை. அரச வேலையிலோ பல்கலைக்கழக வேலையிலோ இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தை ஏற்பதா என்று பார்க்கும்போது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுநூலிலோ இருக்கிறதா என்று பார்க்கும். அதற்கு மேல், எந்தப் பட்டம் எந்த மட்டம் என்று வகுக்கிற நம் நாட்டுத் தகைமைக் கட்டமைப்பு இருக்கிறது. 12 மட்டங்கள் கொண்டது. பாடங்களை மட்டும் படித்துப் பெறும் முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம். ஒன்பதாவதற்கு 30 திறமைப்புள்ளிகள் (கிரெடிட்), பத்தாவதற்கு 60. பிற்காலத்தில் விரிவுரையாளராக வேண்டும், கலாநிதிப் பட்டம் செய்ய வேண்டும் என்று மனதில் இருந்தால் ஆய்வுக் கட்டுரை உள்ள பாடநெறியையே எடுங்கள். அவசரத்தில் ஆய்வில்லாத ஒன்றை முடித்துவிட்டுப் பிறகு வாசலில் நிற்கும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியும்.

இந்தியாவில் படிக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு நுணுக்கம். இந்திய முகாமைத்துவ நிறுவகங்கள் பல பத்தாண்டுகளாகப் பட்டப்பின் டிப்ளோமாதான் கொடுத்து வந்தன. 2017இல் நிறைவேறிய ஒரு சட்டத்துக்குப் பிறகுதான் அவை எம்.பி.ஏ. பட்டம் கொடுக்கத் தொடங்கின. ஆனால் இந்தியாவில் வேறு பல நல்ல பள்ளிகள் இன்றும் டிப்ளோமாவே தருகின்றன. தனியார் துறையில் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். அரச அலுவலகத்தில் பதவி உயர்வுப் படிவத்தை நிரப்பும்போது கேட்பார்கள்.

கொழும்பிலும், இப்போது மட்டக்களப்பு நகரிலும் கூட, வெளிநாட்டுப் பட்டங்களை இங்கேயே நடத்துகிற தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. இவற்றில் நல்லவையும் உண்டு. குடும்பத்தை விட்டுப் போகமுடியாதவருக்கு, வேலையை விடமுடியாதவருக்கு இது உண்மையான வழி. அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும்? வினாத்தாளைத் திருத்துவது யார்? அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகத்தில் இதே பாடநெறி நடக்கிறதா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். சொந்த நாட்டில் நடத்தாத ஒரு பாடநெறியை வெளிநாட்டில் மட்டும் விற்கிற பல்கலைக்கழகத்தை நான் நம்பமாட்டேன். இன்னொன்றும் தெரிந்துகொண்டே சேருங்கள்: பட்டம் வெளிநாட்டினுடையதாக இருந்தாலும் வகுப்பில் இருப்பவர்கள் இலங்கையர்கள்தான். கொழும்பின் தனியார் துறையோடு தொடர்பு வேண்டுமென்றால் அது போதும். உள்நாட்டிலேயே படிப்பதென்றால் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின்படிப்பு முகாமைத்துவ நிறுவகத்தையும் கொழும்புப் பல்கலைக்கழகத்தையும் முதலில் பாருங்கள். அரசாங்கத்திலும் கம்பனிகளிலும் இவற்றின் பழைய மாணவர்களை மேல் பதவிகளில் காணலாம்.

காசு

வெளிநாட்டுப் படிப்பின் செலவை ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாது என்பதை 2022 நமக்குக் கற்றுத்தந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் வரும்போது 360 ரூபா அளவுக்குப் போய்விட்டது. 40,000 டொலர் கட்டணம் என்றால் முன்னர் 80 இலட்சம், பிறகு 1 கோடியே 44 இலட்சம். படிப்பு மாறவில்லை, கட்டணம் மாறவில்லை, பாதி வழியில் நின்ற பிள்ளைகளின் குடும்பங்கள்தான் தடுமாறின. ஆகவே இரண்டு வருடப் படிப்பென்றால், இரண்டாம் வருடம் ரூபா இன்னும் விழுந்திருந்தாலும் கட்ட முடியுமா என்று இப்போதே யோசியுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நம் நிலையில் உள்ளவர்களுக்கு ஒரு வருட எம்.பி.ஏ. பொருத்தம் என்பேன். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலானவை அப்படித்தான். அமெரிக்காவில் வழக்கம் இரண்டு வருடம், இடையில் ஒரு கோடைக்காலம் நிறுவனத்தில் பயிற்சி. தொழிலையே மாற்ற நினைக்கிறவருக்கு அந்தக் கோடைக்காலம் பெறுமதியானது என்பதையும் சொல்ல வேண்டும்.

மணமானவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் பாடம் சார்ந்த முதுமாணிப் படிப்புக்குப் போகிறவர் மனைவியையோ கணவரையோ பிள்ளைகளையோ மாணவர் விசாவில் கூட்டிக்கொண்டு போக 2024 ஜனவரியிலிருந்து அனுமதி இல்லை. பழைய கதையை நம்பி வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்தோடு தொடர்ந்து படிக்கும் முதுமாணிக்குக் கட்டணம் இல்லை என்பது சரி. எம்.பி.ஏ.க்கு அங்கேயும் கட்டணம் உண்டு. முகாமைத்துவ எம்.எஸ்சி.க்குப் போகிறவருக்குத்தான் அந்தச் சலுகை பயன்படும்.

புலமைப்பரிசில்களில் செவ்னிங் பற்றி எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். பிரித்தானிய அரசாங்கம் 1983இலிருந்து கொடுத்துவருகிறது. ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கு. குறைந்தது 2 வருட வேலை அனுபவம் வேண்டும், அதை 2,800 மணித்தியாலமாகக் கணக்கிடுவார்கள், பகுதிநேர வேலையும் தொண்டு வேலையும் சேரும். முடித்த பிறகு நாடு திரும்பி 2 வருடம் இருக்க வேண்டும். எம்.பி.ஏ.க்குக் கட்டணத்தில் ஓர் உச்சவரம்பு இருப்பதால் மேல்மிச்சத்தை நீங்களோ பள்ளியோ ஏற்க வேண்டிவரும். விண்ணப்பத்தில் தலைமைத்துவம் பற்றிக் கட்டுரை கேட்பார்கள். வெள்ளம் வந்த நேரம் முகாமில் சாப்பாடு ஒழுங்குபடுத்தியவர், மாதர் சங்கத்துக்குக் கணக்குப் புத்தகம் தொடங்கிக் கொடுத்தவர் என்று எழுத நம்மிடம் விடயம் இருக்கிறது. கொழும்பில் படித்தவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குள்ள பெரிய கவலை.

தரவரிசையும் வேலை அறிக்கையும்

தரவரிசையைப் பாருங்கள், ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்து பாருங்கள். ஃபைனான்சியல் டைம்ஸ் பத்திரிகையின் எம்.பி.ஏ. தரவரிசை, படித்து முடித்து மூன்று வருடமான பழைய மாணவர்களிடம் கேட்டுச் செய்வது. சம்பளத்துக்கும் சம்பள உயர்வுக்கும் அதில் பெரிய எடை. முதலீட்டு வங்கிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்கும் ஆட்களை அனுப்புகிற பள்ளி அதில் மேலே வரும். ஊருக்குத் திரும்பி ஏற்றுமதி தொடங்க நினைக்கிற உங்களுக்கு அந்த வரிசை பாதிக் கதைதான்.

வேலை அறிக்கையில் '90 வீதம் பேருக்கு மூன்று மாதத்தில் வேலை' என்று இருந்தால், யாரில் 90 வீதம் என்று கேளுங்கள். 100 பேர் படித்து, 60 பேர் பதில் அனுப்பி, அதில் 50 பேர் வேலை தேடி, 45 பேருக்குக் கிடைத்திருந்தாலும் 90 வீதம்தான். அதோடு, விசா தேவைப்படுகிற வெளிநாட்டு மாணவர்களை மட்டும் எடுத்தால் எவ்வளவு என்றும் கேளுங்கள். உங்களுக்குப் பொருந்துகிற எண் அதுதான். தென்னாசியர்கள் எங்கே, என்ன வேலைக்குப் போனார்கள் என்பதை லிங்க்ட்இன்னில் பள்ளியின் பெயரைப் போட்டு நீங்களே தேடிப் பார்க்கலாம். அங்கே கிடைக்கிற இலங்கையர் இரண்டு மூன்று பேருக்குச் சுருக்கமாக எழுதுங்கள். பெரும்பாலும் பதில் போடுவார்கள், ஊர்ப் பெயரைச் சொன்னால் இன்னும் விரைவாகப் போடுவார்கள். 'பள்ளி எப்படி?' என்று கேட்டால் 'நல்லது' என்றுதான் பதில் வரும். எதிர்பார்த்தது எது கிடைக்கவில்லை, வேலை தேடியபோது பள்ளி என்ன உதவி செய்தது, சேமிப்பு எந்த மாதத்தில் முடிந்தது என்று கேளுங்கள்.

முகவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான முகவர் நிலையங்களுக்குப் பல்கலைக்கழகம் தரகு கொடுக்கிறது. அதனால் அவர்கள் காட்டும் பட்டியலில் தரகு கொடுக்கிற பள்ளிகள்தான் இருக்கும். படிவம் நிரப்ப, விசா ஆவணம் ஒழுங்குபடுத்த அவர்கள் உதவட்டும். எந்தப் பள்ளி என்ற முடிவை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள்.

எப்போது தொடங்குவது?

படிக்கப் போகும் மாதத்துக்கு ஒன்றரை வருடம் முன்பே. செவ்னிங் விண்ணப்பம் ஓகஸ்ட் அளவில் திறக்கும், படிப்பு மறு வருடம் செப்டம்பரில்தான். பெரிய பள்ளிகள் விண்ணப்பங்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும். செப்டம்பரில் முதல் சுற்று, ஜனவரி அளவில் இரண்டாவது. புலமைப்பரிசில் வேண்டுமென்றால் பிந்திய சுற்றுகளுக்குக் காத்திருக்காதீர்கள், அதற்குள் காசு பங்கிடப்பட்டுவிடும்.

பல பள்ளிகள் ஜீமேட் என்ற அனுமதிப் பரீட்சையின் பெறுபேற்றைக் கேட்கும். இப்போதைய வடிவம் இரண்டேகால் மணித்தியாலம், கணிதம், மொழி, தரவு விளக்கம் என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம், புள்ளி 205 முதல் 805 வரை. கணிதம் நம் சாதாரண தர மட்டத்தைப் பெரிதாகத் தாண்டாது, நேரம்தான் பிரச்சினை. மொழிப் பகுதிக்குத்தான் மாதக்கணக்கில் வாசிக்க வேண்டும். இந்தப் பெறுபேறு 5 வருடம் செல்லுபடியாகும், ஆகவே வேலையில் நெருக்கடி இல்லாத ஒரு பருவத்தில் முதலே எழுதி வைத்துவிடலாம். ஆங்கிலத் தேர்ச்சிக்கான ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சை அப்படியில்லை, 2 வருடம்தான். அதை அவசரப்பட்டு முன்பே எழுதிவிட்டால், சேரும் நேரம் திரும்பவும் காசு கட்டி எழுத வேண்டிவரும். முதலில் ஜீமேட், பள்ளிப் பட்டியல் முடிவான பிறகு ஐ.ஈ.எல்.டி.எஸ். என்று வைத்துக்கொள்ளுங்கள்.